வீதியில் ஒலிக்கும் நாதம்
உரும்பிராய்ப் பகுதித் திருவிழா இரவுகளின் மேளச்சமா பற்றி ஒரு மதிப்பீடு

உரும்பிராயிலும் அதனையடுத்த இணுவில், கோண்டாவில், கோப்பாய் ஆகிய ஊர்களிலும் ஆனி, ஆடி மாதங்களில் மேளவொலி கேளாத இரவு அரிது. ஒரு கோயிலிற் கொடி இறங்குமுன் மற்றொரு கோயிலிற் கொடியேறிவிடும். சோளகக் காற்று வீசும் திசையைப் பொறுத்து, வீட்டு முற்றத்திற் படுத்திருப்பவன் இன்று எவ்வூர்த் திருவிழா என்பதைக் காதாலேயே அறிந்துகொள்வான். அவ்வாறிருந்தும், இசை விமர்சனம் என்று நம்மவர் எழுதுவன யாவும் மண்டபத்துக் கச்சேரிகளைப் பற்றியனவாகவே உள்ளன. வெளிவீதியில், திறந்த வானின் கீழ், நள்ளிரவு கடந்தும் நிகழும் மேளச்சமா மறுநாட் காலையில் தேநீர்க்கடையிற் பேசப்படுவதோடு மறக்கப்படுகின்றது. நம் குடாநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கேட்டறிந்த செவ்விசை இது ஒன்றே என்பதை நோக்குமிடத்து இப்புறக்கணிப்பு வியப்பைத் தருகின்றது.

இவ்வாண்டுக் கோடையில் யான் முழுமையாக இருந்து கேட்ட மூன்று இரவுகளைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றேன். கலைஞர்களின் பெயர்களையும் கோயில்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன். பருவகாலத்து நான்கு மாத வருவாயைக் கொண்டு ஆண்டு முழுவதும் சீவிக்கும் ஒருவரின் சுருதி விலகியது என்று அச்சில் ஏற்றுமளவுக்கு எனது இசையறிவு முதிர்ந்ததன்று.

முதலாம் இரவு வாசித்தவர்கள் அனுபவம் மிக்கவர்கள். சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கியது. சாகித்தியமில்லாத இவ்வுருப்படி மூன்று காலங்களிலும் வாசிக்கப்படும்போது நாதஸ்வரத்தின் தேர்ச்சியைவிடத் தவிலோடு அது கொள்ளும் உடன்பாடே சோதிக்கப்படுகின்றது. அன்று அச்சோதனையில் இருசாராரும் வென்றனர் என்று தயங்காமற் கூறலாம். வடக்கு வீதியிற் சுவாமி தரித்தபின் மேடையில் அமர்ந்து தோடி இராகத்தை எடுத்தார் மூத்த வித்துவான். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அவர் அவசரப்படவில்லை. கீழ்ஸ்தாயியில் நின்று நிதானமாக இராகத்தின் உருவைக் கட்டினார். ஆயின், மேற்ஸ்தாயிக்கு அவர் ஏறிய கணமே ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. வீதியின் நாற்புறமும் கட்டப்பட்டிருந்த குழாய்கள் ஒவ்வொன்றும் சிறிது பிந்தியும் முந்தியும் ஒலித்தமையால் ஒரே பிருகா நான்கு முறை காதில் விழுந்தது. கமகம் என்னும் நுண்மை அவ்விரைச்சலில் எங்ஙனம் பிழைக்கும்? அருகிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, சனத்தை விட்டு அகன்று, தூரத்துப் பனங்கூடலருகே போய் அமர்ந்துகொண்டார். அவர் இசையை வெறுத்தவரல்லர், கேட்க விரும்பியவர்.

இரண்டாம் இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்கு தவில்களின் கூட்டுச் சமா. கீர்த்தனம் ஒன்று பெயரளவில் வாசிக்கப்பட்டு, பல்லவி முடியுமுன்னரே தனிக்கு விடப்பட்டது. அதன்பின் ஒன்றரை மணித்தியாலம் நாதஸ்வரக்காரர் இருவரும் தாளம் போட்டுக்கொண்டிருந்தனர். இளைஞர் கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. கணக்கு வழக்கில் அவர்கள் வல்லவர்களே. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்த தீர்மானங்கள் சில உண்மையில் மெய்சிலிர்க்க வைத்தன. ஆனால் நான்காவது முறையும் அதே வேகத்தில், அதே உச்சத்தில் அடிக்கப்படும்போது வேகம் என்பதற்குப் பொருளே இல்லாது போகின்றது. பின்னர் திரைப்படப் பாடல்கள். அவற்றை வாசித்தது குற்றமென்று கூறேன். துண்டுக் கடதாசியில் வேண்டுகோள் எழுதி அனுப்பியவர்கள் நாமே அன்றோ?

தவிலைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தவன் ஒருவனால் தெட்சணாமூர்த்தியைக் கடந்து செல்லவியலாது. 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த அம்மேதையை நேரிற் கேட்கும் பேறு என் தலைமுறைக்கு இல்லை. பழைய ஒலிப்பதிவுகளும், அம்ஷன் குமார் இயக்கி, 2015 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதினைப் பெற்ற ஆவணப்படமுமே நமக்கு எஞ்சியவை. அப்பதிவுகளை ஊன்றிக் கேட்போர் ஓர் உண்மையை உணர்வர். அவரது வேகம் புகழப்படுகின்றது; ஆயின் அவ்வேகத்துக்கு முன்னும் பின்னும் அவர் விட்ட இடைவெளிகள் புகழப்படுவதில்லை. நாதஸ்வரம் பேசும்போது ஒதுங்கி நிற்கவும், அதன் மூச்சு முடியுமிடத்தில் ஓரிரு சொற்களை மட்டும் இடவும் அவர் அறிந்திருந்தார். அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்றோரின் வாசிப்போடு அத்தவில் இணையும்போது கேட்பது போட்டியன்று, உரையாடல். இன்றைய இளம் தவிற்கலைஞர்கள் அவரிடமிருந்து விரலை எடுத்துக்கொண்டு செவியை விட்டுவிட்டனரோ என்னும் ஐயம் இரண்டாம் இரவு முழுவதும் என்னை விட்டகலவில்லை.

மூன்றாம் இரவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சிறிய கோயில், சனமும் குறைவு. நடுத்தர வயதினர் ஒருவரும் இருபது வயது மதிக்கத்தக்க அவருடைய மாணவரும் வாசித்தனர். சண்முகப்பிரியா ஆலாபனை பாதியில் இருக்கையில் மின்பிறப்பாக்கி நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன, ஒலிபெருக்கியும் அடங்கியது. தீவட்டி வெளிச்சத்தில், ஒரு கணமும் நிறுத்தாது, அவர் வாசித்துக்கொண்டேயிருந்தார். கச்சான் கடைகளில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி வந்து மணலில் அமர்ந்தனர். குழந்தைகளின் கூச்சலும் அடங்கிற்று. மூச்சு நிரம்புவதும், சீவாளியில் நாக்குப் படுவதும், ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கி வழுகிச் செல்வதும் அப்போதுதான் கேட்டன. தவிற்கலைஞரும் கழியின் பலத்தைக் குறைத்து, கூடணிந்த விரல்களாலேயே பெரிதும் வாசித்தார். அப்பதினைந்து நிமிடங்களைப் போல் ஓர் இசையை யான் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை.

ஆயினும் விமர்சகன் உண்மையை மறைத்தலாகாது. அதே பதினைந்து நிமிடங்களில் மாணவரின் வாசிப்பு இருமுறை சுருதியை விட்டு விலகியது. ஏன் என்று எண்ணியபோது எனது எளிய முடிபு, அதாவது ஒலிபெருக்கியை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் முடிபு, ஆட்டங்கண்டது. முன்னாளில் ஒத்து என்னும் குழல் இடையறாது ஊதப்பட்டுச் சுருதியைக் காத்தது. வெளியில் ஒலிப்பதற்கென்றே அமைந்தது அது. அதனை ஊதுபவரின் உழைப்பு கடுமையானது, ஊதியமோ அற்பம். ஆதலின் ஒத்து மறைந்து மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. அப்பெட்டியின் குரல் திறந்த வெளியில் நான்கு முழங்கூடச் செல்லாது. அதனைக் கேட்க ஒலிபெருக்கி வேண்டும். ஒரு கலைஞரைக் குறைத்ததன் விலையை இன்று மேளம் முழுவதும் செலுத்துகின்றது.

நாதஸ்வரத்தின் வரலாற்றிலும் இத்தகைய மாற்றங்கள் புதியனவல்ல. குறுகி உரத்தொலிக்கும் திமிரியின் இடத்தில், நீண்டு தாழ்ந்த சுருதியில் இனிமையாய் ஒலிக்கும் பாரியைப் பரவச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). இராக ஆலாபனைக்கு அதனால் விளைந்த நன்மை அளப்பரியது. மேனாட்டிலும் தெருவிலும் கோட்டை மதிலிலும் ஊதப்பட்ட ஷோம் என்னும் இரட்டை நாக்குக் குழல், பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சில் மாற்றியமைக்கப்பட்டு, ஓபோவாகி அரண்மனைக்குள் நுழைந்தது. காசியில் விசுவநாதர் சந்நிதியோடு பிணைந்திருந்த ஷெனாயை பிஸ்மில்லாகான் மேடைக்கு உயர்த்தினார். அவையெல்லாம் வீதியை விட்டு உள்ளே சென்றமையால் மாறியவை. நமது நாதஸ்வரமோ வீதியில் நின்றபடியே மண்டபத்துக் கருவிகளுக்குரிய ஒலிவாங்கியைச் சுமக்கின்றது. அதுவே இடர்ப்பாடு.

செய்யத்தக்கன சில உண்டு. நாற்றிசைக் குழாய்களை நீக்கி, மேடையருகே இரு பெட்டிகளை மட்டும் தாழ்ந்த ஒலியில் வைக்கலாம். தவிலுக்கு ஒலிவாங்கி முற்றிலும் வேண்டியதில்லை. இரு தவிலுக்கு மேற்படாத சமாவுக்கு ஆகும் செலவில் மிச்சப்படுவதைக் கொண்டு ஒத்துக்காரர் ஒருவரை மீண்டும் அமர்த்தலாம். இவை இசை தெரிந்தவர்களால் மட்டும் முடிவனவல்ல. உபயகாரரிடம் யாரேனும் பேசவேண்டும்.

மூன்றாம் இரவு சமா முடிந்தபின் அவ்வித்துவானை அணுகி, ஒலிபெருக்கி நின்றபோது வாசித்ததே சிறப்பாயிருந்தது என்றேன். சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“எனக்கும் அது தெரியும் தம்பி. ஆனா எனக்கு மைக் வேண்டாமெண்டு சொன்னால், அடுத்த வருஷம் என்னையே வேண்டாமெண்டு விடுவினம்.”

அவருடைய மாணவர் அதற்குள் கருவியை உறையிலிட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளருகே காத்து நின்றார். விடியற்காலைப் பூசைக்கு வேறோர் ஊரில் அவர்கள் வாசிக்கவேண்டியிருந்தது. மேடையில், மறுநாள் வரவிருந்த இன்னிசைக் குழுவுக்காக, இன்னும் பெரிய ஒலிபெருக்கிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.