வீட்டுக்குள் ஆறடிக் கடல் தேவையா?

கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'வைப்பதானால் பெரிதாக வையுங்கள்' என்பதுதான். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு, 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி என்று வைத்துக்கொண்டு இந்த அறிவுரையை எடைபோடலாம்.

இதற்கு வலுவான அடிப்படை உண்டு. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை நிலைபெறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதன் பிறகும், பாறை இடுக்கில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் 100 லிட்டர் தொட்டி சட்டென்று கெட்டுவிடும். 600 லிட்டர் தாங்கும். ஆவியாதலால் உப்பு ஏறுவதும் வெயிலில் சூடு ஏறுவதும் பெரிய தொட்டியில் மெதுவாகவே நடக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை, பெரியது பாதுகாப்பானது என்பது உண்மையே.

வீட்டைப் பொறுத்தவரை அப்படியல்ல. தண்ணீர், 12 மி.மீ. கண்ணாடி, மணல், பாறை, ஸ்டாண்டு, கீழே வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 1 டன். அது நிற்கும் இடமோ 12 சதுர அடி. வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தரக் குறியீடு கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டியின் அடியில் விழுவது அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். உத்தரத்தை ஒட்டிச் சுவரோரம் வைத்தால் தளம் தாங்கக்கூடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கட்டடப் பொறியாளர், மீன்கடைக்காரர் அல்லர்.

அடுத்தது மின்சாரம். இந்த மீன்களுக்கு ஏற்ற வெப்பநிலை சுமார் 25 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. மின்சாரம் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பம்பை ஓட்டும். சில்லரையும் சேர்த்து நெடுநேரம் ஓட்டுவது கடினம். சூடேறிய உப்புநீரில் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மூச்சுத் திணறும்.

தண்ணீரும் லேசான செலவன்று. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் முதல் நிரப்பலுக்கே 21 கிலோ வேண்டும். வாரம் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் 60 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும் 2 கிலோவுக்கு மேல் உப்பும் ஒவ்வொரு வாரமும் போகும். கடற்கரை பக்கத்தில்தானே என்று குடத்தோடு கிளம்ப முடியாது; கூவமும் அடையாறும் நகரத்தின் சாக்கடையைக் கொண்டுபோய்க் கலக்கும் கடல் அது.

இவற்றைப் பணத்தால் சமாளிக்கலாம். பணத்தால் தீராதது மீன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பெரிய தொட்டி கட்டாயம் வேண்டும் என்று கேட்பவை நீல டாங் போன்றவை. அது 30 செ.மீ. வரை வளரும். புளோரிடாவில் 2016இல் அதைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார்கள் என்றாலும், சந்தைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இன்றும் பவளத்திட்டில் பிடித்தவையே. மாறாக, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டிய கோமாளி மீனுக்கு ஆறடித் தொட்டி தேவையே இல்லை. ஆக, பெரிய தொட்டியை நியாயப்படுத்தும் மீன் கடலைக் குறைக்கிறது; கடலைக் குறைக்காத மீனுக்குப் பெரிய தொட்டி வேண்டியதில்லை.

தொட்டியில் பவளம் வைப்பதற்கோ விவாதமே கிடையாது. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல்குதிரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளத்தை யார் விற்றாலும், யார் வாங்கினாலும் குற்றம்தான்.

எனவே தீர்ப்பு இது: அடுக்குமாடியில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி வேண்டாம். கடல்மீன் ஆசை விடாதவர், 4 அடி நீளத்தில் 250 லிட்டர் அளவுள்ள தொட்டியைத் தரைத்தளத்தில் வைத்து, செயற்கைப் பாறை அடுக்கி, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியை வளர்க்கலாம். அவை 20 ஆண்டுகூட வாழும். அவ்வளவு காலம் வாரந்தோறும் தண்ணீர் மாற்ற வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு, பிறகு கண்ணாடிக்கு அளவு கொடுங்கள்.