பூட்டிய அலமாரியில் வண்ணக் கட்டைகள்

பௌர்ணமி நாட்களில் திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் அருகே விளையாட்டுப் பொருள்கள் விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிரிவலம் முடித்து வரும் தந்தையின் கையைப் பிடித்திழுத்து, ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கேட்கும் குழந்தைகளையும் பார்த்திருப்பீர்கள். வாங்கிய கட்டைகள் பிறகு என்ன ஆகின்றன? அற்பமான கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அண்மையில் ஒரு பாலர் பள்ளிக்குச் சென்றிருந்தேன். கண்ணாடி அலமாரியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறவாரியாக நான்கு டப்பாக்கள் இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால், அலமாரி பூட்டியிருந்தது. "பிள்ளைகளிடம் கொடுத்தால் கலந்துவிடுவார்கள், சார். அப்புறம் நான்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்" என்றார் ஆசிரியை. முப்பது குழந்தைகளை ஒருவராகச் சமாளிப்பவரின் சிரமம் நமக்குப் புரிகிறது. எனினும், இம்முறையில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, நிறத்தால் பிரித்தது. பல நிறக் கட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கட்டையை நம் கண் நொடியில் கண்டுகொள்கிறது. ஆனால், சிவப்புக் குவியலுக்குள் ஒரு சிறிய சிவப்புக் கட்டையைத் தேடிப் பாருங்கள்; விரல்தான் வலிக்கும். எனவே, வடிவத்தாலும் அளவாலும் பிரித்து, நிறங்களைக் கலந்தே விடுவது தேடுபவருக்கு எளிது. நிறவாரி அடுக்கு பார்வையாளருக்கு ஏற்றது. கட்டிடம் கட்டும் குழந்தைக்கு ஏற்றதன்று.

நிறத்தைவிடக் கவனிக்க வேண்டிய வேறொரு வேறுபாடும் உண்டு. கட்டைகளைப் பிடித்து நிறுத்துவது உராய்வே. மேற்புறக் குமிழ் அடுத்த கட்டையின் அடிக்குழிக்குள் சற்றே இறுக்கமாக நுழையவேண்டும். வெவ்வேறு உற்பத்தியாளரின் கட்டைகளில் அளவு மயிரிழை மாறினாலும், ஒன்று கழன்று விழும்; மற்றொன்று பிரிக்கவே வராது. இவற்றைக் கலந்து கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று குறை கூறுவது நியாயமா?

இரண்டாவது பிழை பெரிது. பிரிக்கும் வேலையை ஆசிரியை தம்முடையதாக எடுத்துக்கொண்டார். பிரிப்பதும் ஒரு விளையாட்டு. அதுவே அறிவியலின் முதற்படியுங்கூட. தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயசும், தனிமங்களை அட்டவணையில் அடுக்கிய மெண்டலீவும் செய்தது இதைத்தானே! கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக் குழந்தையையே குலுக்கச் சொல்லுங்கள். சிறியவை இடுக்குகளின் வழியே கீழிறங்க, பெரியவை மேலே வரும். "ஏன்?" என்ற கேள்வி தானே பிறக்கும். வீட்டுச் சல்லடையும் முறமும் இதற்கு நல்ல ஆய்வுக் கருவிகள்.

இதெல்லாம் மேல்நாட்டுக்குத்தான் பொருந்தும் என்பீர்களா? 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவரது முறையில் அலமாரி தாழ்வானது, பூட்டில்லாதது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்த குழந்தையே அதைத் திரும்ப வைக்கும். நம் மண்ணிலேயே கற்பிக்கப்பட்ட பாடத்தைத்தான் நாம் மறந்திருக்கிறோம்.

பூட்டுக்குள் இருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமை கோரிய வடிவத்தில், எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகைகளில் இணைக்கலாம். ஆறு கட்டைகளானால் 91,51,03,765 வகைகள்! இதனை டென்மார்க் கணித அறிஞர்கள் கணினியால் எண்ணிக் கண்டனர். பூட்டிய அலமாரியிலோ ஒரே ஒரு வகைதான்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. வாயகன்ற, ஆழமற்ற தட்டுகள் மூன்றோ நான்கோ போதும். வெளியே அந்தந்த வடிவத்தின் படத்தை ஒட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் சரியாக வைக்கும். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்து விளையாடவிட்டு, முடிந்ததும் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கினால் ஒரு கட்டையும் தொலையாது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்; புற ஊதாக் கதிர்களால் பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்கும். வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்குச் சிறு கட்டைகள் எட்டாதிருப்பது அவசியம். அந்த ஒரு காரணத்துக்காகப் பூட்டினால் நான் குறை சொல்லமாட்டேன்.

கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பு நடத்துகிறேன். திருகு அளவியைக் கையில் கொடுத்தால், "உடைந்துவிடுமோ, சார்?" என்று தயங்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். பள்ளியில் அதைக் கண்ணாடி வழியாகவே பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் தயக்கம் பதினேழு வயதில் தொடங்கியதன்று; பூட்டிய முதல் அலமாரியின் முன்னே தொடங்கியது. சாவி நம் கையில்தான் இருக்கிறது.