பலவும் முழவும்: மலைவழிக் கூத்தரும் படைப்பூக்கமும்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. உருண்டைக் கற்களின் மேல் ஓடிவரும் இந்நீரோட்டம் வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியாகும். அகத்தியமலைத் தொகுதியின் மேற்குச் சரிவில் அமைந்த இப்பகுதிக்குத் தென்கிழக்கே, 1868 மீட்டர் உயரமுடைய அகத்தியர்கூடம் உள்ளது. இதனையே தமிழ் மரபு பொதியில் எனப் போற்றி வருகிறது.

இத்தகைய மலைவழிகளைக் கண்ணுக்கு விருந்தான காட்சியாகவும், கலைஞனுக்குப் படைப்பூக்கம் தரும் பின்புலமாகவும் கொள்வது இக்கால வழக்கம். சங்கப் பாட்டுகளில் மலையேறும் கலைஞரையும் இதே நோக்கில் காணும் போக்கு திறனாய்வில் உண்டு. ‘இயற்கை வருணனை’ என்னும் தலைப்பின் கீழ் மலைவழிப் பகுதிகள் தனியே தொகுக்கப்பட, ‘வள்ளல் புகழ்’ என்னும் தலைப்பின் கீழ் எஞ்சியவை அடங்கிவிடுகின்றன. இப்பகுப்பில் வழிக்கும் கலைக்கும் உள்ள உறவு விடுபட்டுப் போகிறது. மலைபடுகடாத்தையும், பொதியில் தலைவன் ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் இரண்டையும் முன்வைத்து அவ்வுறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படையில் வழியின் இடம்

கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போர் தாம் பெற்ற வளத்தைப் பெறாதார்க்கு உணர்த்தி வழிப்படுத்தும் துறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கப்பெறுவது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதன் ஆசிரியர். செங்கண்மாத்துவேள் நன்னன் சேய் நன்னன் பாட்டுடைத் தலைவன். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை வெளியிட்ட பின்னர் இப்பாட்டு பரவலான வாசிப்புக்கு வந்தது.

இப்பாட்டில் வள்ளலின் அவையைக் காட்டிலும் அவ்வவைக்குச் செல்லும் வழியே மிகுதியான இடத்தைப் பெறுகிறது. அவ்வழியும் இன்பவழியன்று. பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் விடிந்தபின் செல்லவேண்டும். பாம்பு உறையும் குழிகளை அறிந்து விலகவேண்டும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்பவேண்டும். வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றி நடக்கவேண்டும். வறுமையால் உந்தப்பட்டுச் சுற்றத்துடன் வழிநடப்பவர் இக்கலைஞர். ஆகவே ஓய்வில் பிறக்கும் அழகுணர்ச்சி என்னும் கருத்தைக் கொண்டு இவர்தம் படைப்பூக்கத்தை விளக்குதல் பொருந்தாது.

செவிவழி அறியும் மலை

மலைக்கு யானையை உவமித்து, அதனிடத்துப் பிறந்த ஓசையைக் கடாமாகச் சிறப்பித்தமையால் பாட்டு இப்பெயர் பெற்றது என்பர் நச்சினார்க்கினியர். மலையின் உயரமோ நிறமோ பாட்டிற்குப் பெயராகவில்லை. அதன் ஓசையே பெயராயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கூத்தர் கேட்கப்போகும் ஒலிகளைப் புலவர் நீண்டதொரு வரிசையாக அடுக்குகிறார். புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்குக் கொடிச்சி பாடும் பாட்டு, வேங்கைப் பூக் கொய்யும் மகளிர் புலி புலி என்றெழுப்பும் பூசல், பிளவில் விழுந்த குட்டிக்காக மந்தி கதறும் கதறல், குறவர் குரவையாடும் ஆரவாரம், கிளி கடியும் தட்டையின் ஓசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஒலி என அவ்வரிசை விரிகிறது.

இவ்வடுக்கில் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, இயற்கை ஒலியும் மக்கள் ஒலியும் வேறு பிரிக்கப்படாமல் ஒன்றாகவே நிற்கின்றன. மற்றொன்று, இவ்வொலிகளுட் பல தாமே கலைவடிவங்கள். புண்ணாற்றும் பாட்டும் குரவையும் வள்ளைப்பாட்டும் கூத்தர் வருமுன்பே அம்மலையில் வாழ்பவை. எனவே மலை கலைஞனுக்குக் கருப்பொருளை மட்டும் வழங்கும் ஊமைப்பொருளன்று. தனக்கெனக் கலை உடையதோர் உலகம் அது. கூத்தர் அங்குக் கற்போராகவும் செல்கின்றனர் எனக் கொள்வதற்குப் பாட்டு இடந்தருகிறது.

வழியில் ஒலிக்கும் கருவி

மலைபடுகடாத்தின் தொடக்கமே கருவிகளின் பட்டியல்தான். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலியன பைகளில் கட்டிச் சுமக்கப்படுகின்றன. அச்சுமைக்குக் காட்டப்படும் உவமை கார்காலத்துப் பலாவின் காய்க்கொத்து. நன்னனின் அவைக்கு உரியனவாகக் கட்டப்பட்ட இக்கருவிகள் அவையை அடையுமுன்னரே அவிழ்க்கப்படுகின்றன.

வழி தவறி இருளில் இடர்ப்பட்டால் அகன்ற பாறையில் ஒருங்கிருந்து கருவிகளை இயக்குமாறு கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். அவ்வோசை கேட்ட கானவர், ஆற்றில் துறை தவறி வீழ்ந்தாரைக் காக்க ஓடுவார் போல விரைந்து வருவர். இங்கு இசை பரிசில் வேண்டி எழவில்லை. உயிர் வேண்டி எழுகிறது. கேட்போரும் வள்ளலல்லர், காட்டைக் காத்து வாழும் எளிய மக்கள். நடுகற்கள் நிற்கும் கவர்த்த வழிகளில் யாழை இசைத்துவிட்டு விரைந்து செல்க என்றும், மலைச்சாரலில் குறிஞ்சி பாடித் தொழுது கடக்க என்றும் புலவர் கூறுகிறார். பின்னர் நன்னன் முன்னிலையில் விறலியர் பாடுமிடத்து யாழ் மருதப்பண்ணில் அமைகிறது.

கானவர்க்கு அழைப்பு, நடுகல்லுக்கு யாழிசை, சாரலுக்குக் குறிஞ்சி, அவைக்கு மருதம் என ஒரே குழுவின் இசை இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. எதை, எங்கே, யார்பொருட்டு இசைப்பது என்பதை வழியே வரையறுக்கிறது. படைப்பூக்கம் என்பதற்குச் சங்கப் பாட்டு தரும் பொருள் இதுவே எனலாம். புதியராய் வரும் கூத்தர் கவர்த்த வழியில் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லவேண்டும் என்பதும் இப்பகுதியில் இடம்பெறும் அறிவுரையாகும். பெற்ற வழியறிவைப் பின்வருவார்க்கு விட்டுச்செல்லும் இச்செயல், ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் சிற்றுருவாகவே அமைந்துள்ளது.

பொதியிலில் ஒரு மந்தி

மலைபடுகடாம் நிகழும் நவிரமலை வடக்கே செங்கம் பகுதியைச் சார்ந்தது. தெற்கே பொதியிலைப் பாடும் முடமோசியாரிடமும் இவ்வுறவு காணப்படுகிறது. புலி இயங்கும் நெடுமலையின் சிறுநெறியில் ஏறி வருந்திய விறலி பின்னே வர, பொற்கம்பி போன்ற நரம்புடைய சீறியாழைத் தழுவிக்கொண்டு வரும் பாணனைப் புறநானூற்று 135ஆம் பாடல் காட்டுகிறது. யானையோ குதிரையோ தேரோ வேண்டி வரவில்லை, ஆயைக் காணவே வந்ததாக அப்பாடல் முடிகிறது.

புறநானூற்று 128ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மன்றத்துப் பலாமரத்தில் இரவலர் தம் முழவைத் தொங்கவிட்டுள்ளனர். மந்தி அதனைப் பழமெனக் கருதித் தட்டுகிறது. எழுந்த ஓசைக்கு எதிராக அன்னச்சேவல் குரலெழுப்புகிறது. ஆடுமகள் அணுகலாமே அன்றி அரசர் அணுகுதல் அரிது என்று அம்மலையின் இயல்பு கூறப்படுகிறது.

மலைபடுகடாத்தில் கருவிப்பை பலாவைப் போன்றது என்பது புலவரின் உவமை. இங்கோ அவ்வுவமை ஒரு நிகழ்ச்சியாகவே மாறியுள்ளது. முழவைப் பலாவாகக் காண்பது மந்தி; அறியாமல் இசைப்பதும் அதுவே; மறுமொழி தருவது பறவை. கலைஞன் அருகில் இல்லாதபோதும் அவன் கருவி மலையில் ஒலிக்கிறது. மலையிலிருந்து கலைஞன் பெறுவது மட்டுமன்றி, கலைஞனிடமிருந்து மலை பெறுவதும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அரசர் வலிமைக்கு அடங்காத மலை ஆடுமகளுக்கு வழிவிடுவதும் இவ்வுறவின் பயனாகவே கொள்ளத்தக்கது.

ஒரு தடையும் விடையும்

இவையெல்லாம் புலவர் கூற்றேயன்றிக் கூத்தர் கூற்றல்ல. கூத்தர் பாடிய பாட்டு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை என்று தடை எழுப்பலாம். அத்தடை நேரியதே. நமக்குக் கிடைப்பது கூத்தரின் செவியைக் கடன்வாங்கிய புலவரின் சொல். எனினும் மலையை ஓசையாக அடுக்குதற்கும், இடர்ப்பொழுதில் இசையைக் கருவியாக்குதற்கும் வழிநடந்த கலைஞரின் பட்டறிவு வேண்டும். அவ்வறிவைப் புலவர் மதித்துத் தம் பாட்டின் நடுவே வைத்தமை, வாய்மொழிக் கலைஞர்பால் எழுத்துமரபு பட்ட கடனை ஒப்புக்கொண்டதாகும்.

சப்பானியக் கவிஞர் பாசோ 1689ஆம் ஆண்டில் வடபுலத்து ஒடுங்கிய வழிகளில் நடந்து எழுதிய பயணநூல் உலகப் புகழ்பெற்றது. முன்னைக் கவிஞர் பாடிய இடங்களைத் தேடிச் சென்று, அவர்தம் நினைவுடன் அவர் உரையாடினார். சங்கக் கூத்தர் முன்பின் அறியாத வழியில் அங்கு வாழ்வாருடன் உரையாடினர். தமிழில் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி, காவேரி!’ ஆற்றின் போக்கோடு சென்று மண்ணையும் மக்களையும் இசையையும் ஒருசேரக் காண முயன்றது. ஆற்றுப்படை மரபின் தொடர்ச்சி இத்தகு நூல்களில் தேடத்தக்கது.

முடிவுரை

மலைவழி கலைஞனுக்குப் பின்புலக் காட்சியாக நிற்பதன்று. இசையை வேண்டியும் திருத்தியும் மறுமொழி தந்தும் உடனியங்குவது என்பது இதுவரை கண்டவற்றால் பெறப்படும். இயற்கை வருணனை, வள்ளல் புகழ் என்னும் இருகூற்றுப் பகுப்பால் இவ்வுறவை அறிய இயலாது. கல்லாற்றங்கரையிலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியை இன்று ஊர்தியின் சாளரம் காட்சியாக மட்டும் தருகிறது. அம்மலைத்தொகுதியைப் பாடிய புலவர் அங்கு முதலில் கேட்டது, பலாமரத்தில் தொங்கிய முழவின் ஓசையை. அவ்வோசையைக் கேட்கும் செவியுடன் ஆற்றுப்படை நூல்களை மீண்டும் கற்பது ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.