அம்மாவின் கைப்பிடி: 12 வாரம் அளந்து பார்த்த ஒரு கருவி

"இதக் கொஞ்சம் திறந்து குடுப்பா, எனக்குப் பிடியே நிக்க மாட்டேங்குது" என்று ஊறுகாய் பாட்டிலை நீட்டினார் அம்மா. அவருக்கு 71 வயது. எடை மெஷினில் ஐந்து வருடமாக அதே 58 கிலோதான். அதனால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டாலும் எடை மாறாது என்பது அப்போது உறைக்கவில்லை.

கைப்பிடி வலுவை அளக்கும் டிஜிட்டல் டைனமோமீட்டரை மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். பிடியை முழு பலத்தோடு அமுக்கினால், எட்டிய உச்சத்தைக் கிலோவில் காட்டும். விரல் நீளத்துக்கேற்பப் பிடியை நகர்த்த ஒரு திருகு உண்டு. முதல் நாள் அதைக் கவனிக்காமல் அளந்ததில் மூன்று தடவைக்கு மூன்று எண் வந்தது. நடுவிரலின் இரண்டாம் கணு செங்கோணத்தில் மடியும்படி திருகி, ஒரே நாற்காலியில் உட்காரவைத்து அளந்த பிறகே எண்கள் நிலைகொண்டன.

அம்மாவின் வலது கை 15.2. திரையிலோ 'இயல்பு' என்று வந்தது! இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. கருவி ஒத்த வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறது. அந்த வயதில் பலரும் தளர்ந்துதான் போயிருக்கிறார்கள். சார்கோபீனியா எனப்படும் தசை இழப்புக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் வகுத்த எல்லை பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28. எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வரும் சொல்லை விட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் மூன்று நாள் பயிற்சி தொடங்கினோம். ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பேண்டை இழுப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. சுலபமானதும் இன்னும் இறுக்கமான பேண்டு. கூடவே தினம் 3 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பொடி. உணவில் இது மீன், இறைச்சி வழியாகத்தான் பெரிதும் கிடைக்கும். அம்மாவோ சுத்த சைவம். பொடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் மணல்போல் அடியில் தங்குகிறது, வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரைகிறது. பொடியை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பெரிய பலன் இல்லை. 22 ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சியோடு இதை எடுத்த முதியவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 1.37 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. அதில் தசைக்குள் சேரும் நீருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எடை மெஷினைவிட இந்தக் கைப்பிடியை நம்புகிறேன். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்றுக் கூடிக் காட்டக்கூடும் என்பதால், பொடி எடுப்பதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கால்களைப் பற்றி இந்தக் கருவி ஒன்றும் சொல்லாது. அதற்குப் போனில் உள்ள ஸ்டாப்வாட்சே போதும்: நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தளர்ந்திருக்கிறது. அம்மா 16-இல் தொடங்கி 13-க்கு வந்திருக்கிறார்.

பழைய அளவுகளையும் நான் வாங்கிய மாடல் சேமித்து வைப்பதில்லை. மாதக் காலண்டரில்தான் குறித்து வருகிறோம். 12-வது வாரக் கட்டத்தில் அம்மாவே எழுதியிருக்கிறார்: 17.4.