புர்தாவின் இறுதியில் நிற்கும் ‘லஅல்ல’

கஸீதத்துல் புர்தாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதி அதன் பரக்கத்தைப் பேசுவது. மற்றொரு பகுதி அதனைக் கண்டிப்பது. நோய் தீரவும் நாட்டம் நிறைவேறவும் ஓதுவோர் ஒரு சாரார். பத்தாம் ஃபஸ்லின் முதல் பைத்தில் ஷிர்க் உண்டா இல்லையா என வழக்காடுவோர் மறு சாரார். அவ்வழக்கில் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு சாராருமே கடந்து சென்றுவிட்ட செய்தி ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாட வந்த இந்நூல், தொடக்கத்திலும் இறுதியிலும் ஒரு பாவியின் வாக்குமூலமாகவே நிற்கிறது. பாடியவர் அறியாமல் பிழைத்தவர் அல்லர். ஹலாலையும் ஹராமையும் அறிந்து, தலை நரைத்த பின்னும் தம்மைத் திருத்திக்கொள்ளவில்லை என்று தாமே ஒப்புக்கொள்ளும் ஒரு முஃமின்.

சில ஆண்டுகளுக்கு முன் ரபீஉல் அவ்வல் மாத இரவொன்றில் புர்தா மஜ்லிஸ் முடிந்து திரும்புகையில் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், காலையில் ஜவ்ஹரா பாடத்தில், தவ்பா செய்யாமல் இறந்த பெரும்பாவிகளுள் சிலராவது தண்டிக்கப்படுவது உறுதி என்று படித்தோம். இரவில், பெரும்பாவத்தையும் சிறு பிழையையும் ஒரே தட்டில் வைத்துப் பாடிவிட்டு வருகிறோம். எதை நம்புவது?” கேள்வி குறும்பாகக் கேட்கப்பட்டதன்று. இக்கட்டுரை அதற்குக் காலம் தாழ்த்தி எழுதப்படும் விடை எனலாம்.

அறிந்தே பெரும்பாவம் புரிந்த நம்பிக்கையாளனின் நிலை என்ன என்பது, இச்சமுதாயத்தைப் பிரிவுகளாக உடைத்த முதல் கேள்விகளுள் ஒன்று. கவாரிஜ்கள் அவனைக் காஃபிர் என்றனர். பஸராவில் ஹஸன் பஸ்ரீ (ரஹ்) அவர்களின் அவையில் இக்கேள்வி எழுந்தபோது, அவன் முஃமினும் அல்லன், காஃபிரும் அல்லன் என்று கூறி வாஸில் பின் அதா விலகிச் சென்றதையும், முஃதஸிலாக்கள் என்னும் பெயரே அதிலிருந்து வந்ததாகக் கூறப்படுவதையும் ஷஹ்ரஸ்தானீயின் நூலில் படிக்கிறோம். ஈமான் இருக்கப் பாவம் தீங்கு செய்யாது என்று முர்ஜிஆக்களில் கடுமையானோர் மறு எல்லைக்குச் சென்றனர். அஹ்லுஸ் ஸுன்னா, அந்நிஸா அத்தியாயத்தின் 48ஆம், 116ஆம் வசனங்களைப் பற்றி நின்றனர். இணைவைப்பைத் தவிர ஏனையவற்றை அல்லாஹ் தான் நாடியோருக்கு மன்னிப்பான். இதில் ‘நாடியோருக்கு’ என்பதே கணக்கின் முழுப் பாரத்தையும் தாங்கும் சொல். இமாம் லகானீயின் ஜவ்ஹரத்துத் தவ்ஹீத் கூறுவதும் இதுவே: தவ்பாவின்றி இறந்தவனின் விவகாரம் இறைவனிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர்களுள் சிலர் தண்டிக்கப்படுவது உறுதி, எனினும் நிரந்தர நரகம் அவர்களுக்கு இல்லை. அந்தச் ‘சிலர்’ யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே எவரும் தம்மை அப்பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ளவும் இயலாது.

இனிக் கவிதைக்கு வருவோம். ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் முஹம்மத் பின் ஸஈத் பூஸீரி (ரஹ்) அவர்கள் காலமெல்லாம் கான்காவில் அமர்ந்திருந்தவர் அல்லர். மம்லூக் ஆட்சியில் பில்பைஸ் நகரில் அரசு எழுத்தராகப் பணி புரிந்தவர். உடன் பணியாற்றியோரின் கையாடல்களை எள்ளி நகையாடும் அவருடைய பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்காகச் செல்வர்களைப் புகழ்ந்தும் பாடியவர். 160 பைத்துகள் கொண்ட புர்தாவின் ஒன்பதாம் ஃபஸ்லில், தம் ஆயுள் இரண்டு வழிகளில் கழிந்ததாகக் கூறுகிறார்: ஒன்று கவிதை, மற்றொன்று அரசுப் பணி. குர்பானிக்காகக் கழுத்தில் அடையாளம் கட்டி ஓட்டிச் செல்லப்படும் பிராணியாகத் தம்மை இவ்விரண்டும் ஆக்கிவிட்டன என்பது அவர் ஆளும் உவமை. மாலை அணிந்திருப்பதால் அப்பிராணி பெருமிதமாக நடக்கலாம். எங்கே போகிறது என்பதைப் பார்ப்பவன் அறிவான். பிழைகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்காமல் இரண்டே தலைப்புகளில் அடக்கியதையும் கவனிக்க வேண்டும். தான் இரவில் செய்ததை, அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே பறைசாற்றுபவனைப் பற்றிய எச்சரிக்கை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இமாமவர்கள் வாக்குமூலம் தருகிறார்கள், திரையைக் கிழிக்கவில்லை.

என் மதிப்பீட்டில் இக்கவிதையின் மிக வலிய பகுதி, பலரும் வேகமாக ஓதிக் கடக்கும் இரண்டாம் ஃபஸ்ல்தான். நரை என்னும் எச்சரிப்பாளன் வந்தும் தம் நஃப்ஸு பாடம் பெறவில்லை. அதற்குக் காரணம் அதன் ‘ஜஹ்ல்’ என்கிறார். அறிந்தே செய்த பாவத்துக்கு அறியாமையைக் காரணம் காட்டுவது முரணன்றோ? இங்கேதான் ஆலிமின் கை தெரிகிறது. அந்நிஸா 17ஆம் வசனம், ‘ஜஹாலத்’தால் தீமை செய்து விரைவில் மீள்வோருக்கே தவ்பா உண்டு என்கிறது. அறிந்து செய்தவனுக்கு வாசல் அடைபட்டதா என்ற ஐயம் முற்காலத்திலேயே எழுந்தது. இறைவனுக்கு மாறு செய்பவன் எவனாயினும், அதிலிருந்து விலகும் வரை அவன் ஜாஹிலே என்று முஜாஹித் (ரஹ்) உள்ளிட்ட முஃபஸ்ஸிர்கள் விளக்கினர். சட்டம் தெரியாமை வேறு. தெரிந்ததன் பாரம் உள்ளத்தில் இறங்காமை வேறு. பின்னதும் ஜஹ்லே. பூஸீரி (ரஹ்) அவர்கள் ஒரு சொல்லால் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். அதே சொல்லால் தவ்பாவின் வாசலிலும் நிறுத்திவிடுகிறார்.

அடுத்து வரும் கருத்து இன்னும் கூர்மையானது. பாவத்தைச் செய்து தீர்த்துவிட்டால் ஆசை அடங்கிவிடும் என எண்ணாதே. பெருந்தீனிக்காரனின் பசியை உணவு வளர்க்கவே செய்யும் என்கிறார். ‘இம்முறை மட்டும், ஹஜ்ஜுக்குப் போய் வந்த பின் விட்டுவிடுவேன்’ என்று கூறுவோரை நாம் அனைவரும் அறிவோம், கண்ணாடியிலும் கண்டிருப்போம். ஆலஇம்ரான் 135ஆம் வசனம் மன்னிப்புக்குரியோரின் பண்பாகக் கூறுவது, அறிந்துகொண்டே தம் செயலில் பிடிவாதமாக நிலைத்திராமை. பாவம் செய்தார்களா என்பது அங்கே கேள்வியன்று. அதில் குடியேறிவிட்டார்களா என்பதே கேள்வி. பால்குடி மறக்கடிக்கப்படாத குழந்தை அப்பழக்கத்திலேயே வளர்ந்துவிடும் என்னும் புர்தாவின் புகழ்பெற்ற உவமை இவ்வசனத்தின் அருகில் வைத்துப் படிக்கத் தக்கது.

இறுதி இரு ஃபஸ்ல்களின் நடைபோக்கை இனிக் காண்போம். ஒன்பதாம் ஃபஸ்லில் கவிஞர் வணிக மொழியில் பேசுகிறார். தம் நஃப்ஸு உலகைக் கொடுத்துத் தீனை வாங்கவில்லை, விலைகூடக் கேட்கவில்லை. மறுமையை இம்மைக்கு விற்றவன், கைமாற்று விற்பனையிலும் ‘ஸலம்’ விற்பனையிலும் ஏமாந்தவன். ஸலம் என்பது விலையை இன்று பெற்றுக்கொண்டு பொருளைப் பின்னொரு நாளில் ஒப்படைக்கும் ஒப்பந்தம் என்பதை ஃபிக்ஹ் படித்தோர் அறிவர். இன்றைய இன்பத்தை விலையாக வாங்கிச் செலவழித்தவன், ஒப்படைக்கும் நாளில் எதைக் கொடுப்பான்? வணிகச் சமூகமான நமக்கு இதைவிட நெருக்கமான உவமை வேண்டியதில்லை.

இந்த நஷ்டக் கணக்கை எழுதிய கையோடு, பாவம் செய்தாலும் நபிகளாருடன் தமக்குள்ள உடன்படிக்கை முறியவில்லை, கயிறு அறவில்லை என்கிறார். கவாரிஜ்களுக்கும் முஃதஸிலாக்களுக்கும் எதிரான அகீதா இங்கே அன்பின் மொழியில் பேசுகிறது. அதற்கு அவர் காட்டும் ஆதாரமோ விந்தையானது: தம் பெயரும் முஹம்மத் என்பது! இவ்விடத்தில் எனக்கு நிறைவில்லை. நெருங்கிய உறவினரை எச்சரிக்குமாறு கட்டளை இறங்கியபோது, தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களிடமே, என் செல்வத்தில் விரும்பியதைக் கேள், அல்லாஹ்விடம் உனக்காக நான் எதையும் செய்ய இயலாது என்ற கருத்தில் நபிகளார் கூறியிருக்க, பெயர் ஒற்றுமை எம்மட்டு? ஆயினும் கவிஞரும் இதனை அறியாதவர் அல்லர். அடுத்த பைத்திலேயே, அருள்கூர்ந்து அவர்கள் கைப்பிடிக்காவிட்டால் தம் கால் சறுக்கியதே என்று அலறுகிறார். உரிமையைக் கோரிய வாய், மறு மூச்சில் உரிமையில்லை என்கிறது. பைத்துகளைத் தனித்தனியே பிரித்து எடுப்போர் இந்தப் பின்வாங்கலை இழந்துவிடுகின்றனர்.

அந்த ஃபஸ்லின் முடிவில் ஸுஹைரின் பெயர் வருகிறது. ஹரிமைப் புகழ்ந்து அவர் பறித்த உலகப் பூக்கள் தமக்கு வேண்டாம் என்கிறார் இமாம். ஸுஹைரைச் சொன்னவர் அவருடைய மகனைச் சொல்லவில்லை. அம்மகனே கஅப் பின் ஸுஹைர் (ரலி). நபிகளாரின் திருமுன் கவிதை பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்றதாக வரலாறு கூறுபவர். முதல் புர்தாவுக்கு உரியவர். ஆனால் கஅபுக்குத் திறந்த வாசல் வேறு. அவர் எதிரியாக வந்து முஸ்லிமானார். இஸ்லாம் தனக்கு முந்தியதைத் தகர்த்துவிடும் என்பது நபிமொழி. பூஸீரி (ரஹ்) அவர்களோ வீட்டுக்குள்ளிருந்தே பிழைத்தவர். அவருக்கும் நமக்கும் கஅபின் வாசல் இல்லை. தந்தையைச் சொல்லி மகனைச் சொல்லாமல் விட்ட மௌனத்தில் இந்த வேறுபாடு உறைவதாக நான் வாசிக்கிறேன்.

மாணவர் சுட்டிய பைத் பத்தாம் ஃபஸ்லில் உள்ளது. அதில் இரு குர்ஆன் சொற்கள் பின்னிக் கிடக்கின்றன. நம்பிக்கை இழக்காதே என்பது அஸ்ஸுமர் 53ஆம் வசனத்தின் எதிரொலி. சிறு பிழையைக் குறிக்கும் ‘லமம்’ அந்நஜ்ம் 32ஆம் வசனத்தின் சொல். ஆனால் இமாம் அவர்கள் அழைப்பது மக்களை அன்று, தம் நஃப்ஸை. நொறுங்கிக் கிடக்கும் ஒருவன் தனக்குத்தானே கூறும் ஆறுதல் அது. அதையே நூறு பேர் ஒரே குரலில் இசைக்கும்போது ஒருமை பன்மையாகிவிடுகிறது. ஆறுதல் அனுமதிச்சீட்டாகிவிடும் அபாயம் அங்கே பிறக்கிறது. குறை பைத்தினுடையது அன்று. இரண்டாம் ஃபஸ்லில் அழாத கண்களோடு பத்தாம் ஃபஸ்லுக்கு வந்து சேரும் நம்முடையது. அஸ்ஸுமர் 53ஐ மனனமிட்டிருப்போர் பலர். வேதனை வருமுன் இறைவனிடம் மீளுங்கள் என்னும் 54ஐ உடன் ஓதுவோர் சிலரே.

மேலும், அடுத்த பைத் ‘லஅல்ல’ என்று தொடங்குகிறது. ஒருவேளை, இருக்கக்கூடும், ஆகட்டும் என்னும் ஏக்கம் எல்லாம் அச்சொல்லில் உண்டு. அல்லாஹ் தன் ரஹ்மத்தைப் பங்கிடும் நாளில், பிழையின் அளவுக்கேற்பப் பங்கு கிடைக்கலாம் என்பது அவருடைய ஆசை. நூறு பங்கு ரஹ்மத்தில் ஒன்றை இவ்வுலகுக்கு இறக்கி, 99ஐ மறுமைக்கென வைத்திருப்பதாக வரும் ஹதீஸ் இதன் பின்னணி. அதிகம் பாவம் செய்தவனுக்கு அதிகப் பங்கு என்பதைச் சட்டமாகச் சொல்லியிருந்தால் அது முர்ஜிஆக்களின் சொல்லாக முடிந்திருக்கும். ‘லஅல்ல’ அதனைச் சட்டமாக்காமல் துஆவாக்கிவிட்டது. ஜவ்ஹராவின் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்பதும் புர்தாவின் ‘லஅல்ல’ என்பதும் ஒரே அகீதாவின் இரு குரல்கள். ஒன்று ஆசிரியருடையது, மற்றொன்று குற்றவாளியுடையது.

அன்று இவ்வளவையும் சுருக்கிச் சொன்னபோது மாணவர் விடவில்லை. “பிறர் பொருளைத் தின்றவனுக்கும் இந்த லஅல்ல உண்டா, ஹஜ்ரத்?” என்றார். புர்தாவின் மீது எனக்குள்ள பெருங்குறை அவருடைய வாயிலிருந்து வந்தது. பூஸீரியின் சமகாலத்தவரான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ரியாளுஸ் ஸாலிஹீனின் தவ்பா பாடத்தில், மனிதருக்குரிய ஹக்கில் நேர்ந்த பாவமாயின் அதை உரியவரிடம் தீர்ப்பதை நான்காம் நிபந்தனையாக வைக்கிறார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் வந்தும், ஒருவனைத் திட்டி, ஒருவனை அடித்து, ஒருவன் பொருளை உண்டதால் நன்மையெல்லாம் கொடுத்துத் தீர்ந்து, அவர்கள் பாவங்களையும் சுமந்து நரகம் புகும் ‘முஃப்லிஸ்’ பற்றிய ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. வணிக உவமையை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட கவிஞர், கணக்கு எழுதுவோர் குடிமக்களை எவ்வாறு சுரண்டினர் என்பதை நேரில் கண்டு பாடியவர், தம் ‘பணி’யின் பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டுகையில் பாதிக்கப்பட்டோர் பக்கம் திரும்பவில்லை. கவிதை ஃபத்வா அன்று என்று சமாதானம் கூறலாம். நானும் கூறிப் பார்த்தேன். இருந்தும் வட்டிக் கணக்கும் வாரிசுப் பங்கும் தீர்க்கப்படாத வீடுகளில் இது உருக்கமாக ஓதப்படும்போது அவ்வெற்றிடம் எனக்கு உறுத்துகிறது. ஓதி முடித்த பின் நவவீயின் அப்பாடத்தையும் ஒரு பக்கம் வாசிக்கலாம் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அம்மாணவருக்கும் அதையே கூறினேன்.

ஸலவாத்துக்கு முந்திய இரு பைத்துகளில் இமாம் அவர்கள் இறைவனை நேரே அழைக்கிறார். தம் ஆசை தலைகீழாகிவிட வேண்டாம், தம் ‘ஹிஸாப்’ பிசகிவிட வேண்டாம் என்கிறார். இங்கே ஹிஸாப் என்பதற்கு உரையாசிரியர்கள் எண்ணம், எதிர்பார்ப்பு எனப் பொருள் கொள்வர். எனினும் பழைய எழுத்தரின் வாயில் அச்சொல் கணக்கேட்டையும் நினைவூட்டாமல் இராது. பிறகு, பயங்கரங்கள் அழைத்தால் தோற்றோடிவிடும் பொறுமையே தம்மிடம் உள்ளது என்று, கடைசிச் சரக்கும் காலி என ஒப்புக்கொள்கிறார். கனவில் நபிகளார் வந்ததும், போர்வை போர்த்தியதும், பக்கவாதம் நீங்கியதும் கவிதைக்கு வெளியே நாம் கேட்டவை. கவிதைக்குள் பதில் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அவர் இன்னும் கேட்டுக்கொண்டே நிற்கிறார்.