மெர்சி ஊர்ப் பள்ளிவாசல்

விமான நிலைய வரிசையில் நிற்கும் இளைஞன் கைப்பேசியில் அம்மாவிடம் பேசுகிறான். வக்கீல் தொழிலை உதறிவிட்டு இமாமாகப் போவது தற்கொலைக்குச் சமம் என்பது அப்பாவின் கருத்து. மாதக்கணக்காகத் திட்டமிட்டதுதானே, திடீரென்றா குண்டைத் தூக்கிப் போட்டேன் என்கிறான் இவன். காதில் விழுந்த சொற்களே போதுமென்று காவலர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் 2007 ஜனவரியில் ஆரம்பமான 'லிட்டில் மாஸ்க் ஆன் தி பிரெய்ரி' தொடரின் முதல் அத்தியாயத்தில் வரும் காட்சி இது.

சிரிப்பு வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் சந்தேகப்பிராணியைப் பார்த்துச் சிரிக்கிறோமே தவிர, இமாமாகப் போகிறவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. 'எங்களைக் கண்டு பயப்படாதீர்கள்' என்ற கெஞ்சல்தான் மிஞ்சுகிறது. தொடரை உருவாக்கிய ஸர்கா நவாஸ் 1996இல் எடுத்த 'பிபிக்யூ முஸ்லிம்ஸ்' குறும்படத்தில், அடுப்பு வெடித்ததற்கே சகோதரர்கள் இருவர் பயங்கரவாதிகளாகிவிடுகிறார்கள். ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்கு முதலில் முஸ்லிம்கள்மீதே பழி விழுந்த ஆத்திரம் அதில் இருந்தது. சிபிசிக்கு வரும்போது அந்தக் காரம் குறைந்துவிட்டது. முஸ்லிம் என்றாலே சீறும் வானொலிக்காரர் ஃப்ரெட் டப்பர், அடிப்பதற்கென்றே நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மை.

கேள்வி பள்ளிவாசலுக்குள்ளிருந்து எழும்போது கதையே வேறு. தொழுகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று பொருளாதாரப் பேராசிரியர் பாபர் பிடிவாதம் பிடிக்கிறார். எதிர்த்து நிற்கும் மருத்துவர் ரயான், முக்காட்டை விடாதவள். பெண்ணியவாதி என்று தன்னைச் சொல்லிக்கொள்பவளும்கூட. இருவருமே மார்க்கத்தின் பெயரால்தான் வாதாடுகிறார்கள். மாட்டிக்கொண்டு விழிப்பது விமான நிலையத்தில் பிடிபட்ட அந்த இளைஞன், மெர்சி என்ற ஊருக்கு வந்திருக்கும் புது இமாம் அமார். வட அமெரிக்கப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு எங்கே இடம் என்று 2005இலேயே ஆவணப்படம் எடுத்தவர் நவாஸ். அந்த அனுபவம் இங்கே பேசுகிறது. 'இஸ்லாம் இதற்கு என்ன சொல்கிறது?' என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் இல்லை என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சுளுவாக உணர்த்திவிடாது.

வெளியாருக்கான விளக்கம் இல்லாமல் அப்படியொரு தொடர் தேசிய ஒளிபரப்பில் ஏறியிருக்குமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது நுழைவுச்சீட்டு. அதையே நாடகமாக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு: முதல் பருவம் இன்றும் தேறும், அதிலும் உட்சண்டைகளுக்காக. 2012 வரை ஓடிய ஆறு பருவங்களையும் பார்த்தே தீரவேண்டும் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். பள்ளிவாசலுக்கு இடம் கொடுத்த தேவாலயத்தில் அமாருக்கு நண்பராயிருந்த பாதிரியார் மெகீ போய், நான்காம் பருவத்தில் குரோதமே உருவான தோர்ன் வந்ததும் வெளிப்பகை மேலும் கூர்மையாகிறது. எதிரி வாசலில் நிற்கும்போது பாபரும் ரயானும் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அவகாசம் ஏது?