சதுர அடியில் அடங்காத வீடு

பேரையூர்ப் பக்கம் பழைய வீட்டை எடுத்துக் கட்ட நினைப்பவர் முதலில் கூப்பிடுவது என்ஜினியரை அல்ல, மேஸ்திரியை. அவர் வந்து முன்கட்டிலிருந்து பின்கட்டு வரை எட்டு வைத்து நடப்பார். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். "எம்புட்டு ஆகும்ண்ணே?" என்று கேட்டால், "சதுர அடிக்கு இம்புட்டுன்னு போட்டுக்கங்க, கூடக் கொறைய வரும்" என்பார். வீட்டுக்காரர் காதில் முதல் பாதி உடனே விழும். இரண்டாம் பாதி விழுவது பாதிச் சுவர் இடிந்து கிடக்கும்போது.

இந்தச் சதுர அடிக் கணக்கைப் பாமரக் கணக்கென்று ஒதுக்கிவிட முடியாது. செங்கல் விலை, லாரி வாடகை, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, மழைக்கு நின்றுபோகும் நாட்கள் என்று பல வருட அனுபவம் ஒற்றை எண்ணாகச் சுருங்கி வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பக்கத்துத் தெருவில் என்ன ரேட் என்று விசாரித்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். நாள் சம்பளத்துக்கு ஆள் விட்டால் வேலை இழுக்கும். அளவுக்குக் கூலி என்றால் ஆளை நின்று பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வசதியையும் ஒருசேரத் தரும் வேறு கணக்கு நம்மிடம் இல்லை.

ஆனால் இது புது வீட்டுக்குப் பிறந்த கணக்கு. வெறும் மனையில் எழும் வீட்டில் தரைப்பரப்பு தெரிந்தால் சுவர், தளம், கம்பி எல்லாம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பின்தொடரும். பழைய வீட்டில் அந்த விகிதம் முறிந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறை ஒன்றுக்கு வெள்ளையடித்தால் போதும். அதே அளவுள்ள அடுத்த அறைக்குச் சுவரையே மாற்ற வேண்டிவரும். இரண்டும் 100 சதுர அடிதான்.

பூச்சு வேலையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒன்றுக்கு ஐந்து கலவையில் 12 மில்லிமீட்டர் கனம் பூசினால், 100 சதுர அடிக்குச் சுமார் 35 கிலோ சிமெண்டும் நாலேகால் கன அடி மணலும் போகும். சேதாரம் தனி. மண் சாந்தில் கட்டிய பழைய சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்தால் அது நேராக நிற்காது. பள்ளத்தை நிரப்பி மட்டத்துக்குக் கொண்டுவரச் சராசரிக் கனம் 20 மில்லிமீட்டர் ஆகிவிடும். இப்போது சிமெண்ட் 58 கிலோ, மணல் ஏழு கன அடி. வீடு முழுக்க 2,000 சதுர அடிப் பூச்சு இருந்தால் 14 மூட்டையில் முடிய வேண்டியது 23 மூட்டைக்குப் போகும். பரப்பு ஒரு அடிகூடக் கூடவில்லை. கூடியது எட்டு மில்லிமீட்டர் கனம். சதுர அடியால் அதை அளக்க முடியாது.

அந்த ஒன்பது மூட்டை யார் தலையில் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. கூலி மட்டும் பேசியிருந்தால் வீட்டுக்காரர் கடைக்கு ஓடுவார். பொருளோடு சேர்த்துப் பேசியிருந்தால் சுமை மேஸ்திரிக்கு. சொன்ன ரேட்டை மாற்றவும் முடியாமல், கையிலிருந்து போடவும் முடியாமல் நிற்பவருக்குக் கண்முன் தெரியும் ஒரே வழி, ஐந்து சட்டி மணலை ஏழு சட்டியாக்குவது. விலை பொய்த்தால் கலவை பொய்க்கும். இதை நேர்மைக் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது; தப்பான மதிப்பீடு நல்ல மேஸ்திரியையும் அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அளப்பதிலும் தகராறு உண்டு. ஜன்னல், கதவுப் பரப்பைக் கழிப்பதா வேண்டாமா? "ஓரம் பூசுறதுக்குச் சரியாப் போச்சு" என்பது மேஸ்திரி வாதம். இந்தியத் தரநிலை 1200 ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது: அரைச் சதுர மீட்டருக்குட்பட்ட திறப்புகளைக் கழிக்க வேண்டாம்; மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழித்தால் போதும். மூன்றுக்கு ஏழு அடிக் கதவு இந்த இரண்டாம் வகை. வாய்மொழி வழக்கிலும் நியாயம் இருக்கிறது. வேலை தொடங்குமுன் அதைப் பேசிவைப்பதில்லை என்பதே குறை.

மணல் கணக்கு இன்னும் வழுக்கும். யூனிட் என்றால் 100 கன அடி. ஆனால் ஈர மணல் நான்கில் ஒரு பங்கு வரைகூட உப்பி நிற்கும். லாரியில் யூனிட் நிறைந்திருந்தாலும் மணல் நிறைந்திருக்காது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆற்று மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொல்லி உத்தரவிட்ட காலத்தையொட்டி எம்-சாண்டும் பூச்சுக்கான பி-சாண்டும் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. வரியும் நிலையாக இல்லை: சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 ஆனது. போன வருடத்து ரேட்டை மனதில் வைத்துச் சொல்லும் எண் எந்தப் பக்கமும் சரியலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் கரிசல் இருக்கிறது. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அதன்மேல் நிற்கும் சுவரில் விரிசல் கண்டால், அடைக்க அடிக்கு இவ்வளவு என்று ரேட் வரும். அடுத்த கோடையில் அதே கோடு திரும்பவும் வாய் திறக்கும். அளந்தது விரிசலின் நீளம். நோய் இருப்பது அஸ்திவாரத்தில்.

சரி, என்ஜினியர் எழுதும் இனவாரி எஸ்டிமேட் இதற்கு மாற்றா? இடிப்பு, கழிவு அள்ளும் டிராக்டர் நடை, சாரம், தண்ணீர் லாரி என்று மேஸ்திரி விட்டுவிடும் செலவுகள் அதில் தனி வரியாக வரும். அது பெரிய பலம். ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று காகிதத்துக்கும் தெரியாது. தெரியாததைப் பைசா சுத்தமாக எழுதினாலும் அது ஊகம்தான். வங்கிக் கடனுக்கென்று எழுதும்போது அது பல சமயம் கடன் தொகைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும். அரசும் தொகையிலிருந்தே தொடங்குகிறது: 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம். வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். அந்த எண்ணில் கரிசலும் செம்மண்ணும் ஒன்று.

பேரையூர் வட்டத்திலேயே இருக்கும் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற அவர், பண விலை ஒரு பொருளின் முழு மதிப்பையும் சொல்லிவிடாது என்று வாதாடியவர். பழைய வீட்டுக் கணக்குக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். எண்ணைக் கேட்பதற்குமுன் எண் எதை விட்டுவிட்டது என்று கேட்க வேண்டும்.

ஆகவே சதுர அடிக் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. அதன் எல்லையைக் குறித்துவைத்தால் போதும். முதலில் ஒரு நாள் கூலி கொடுத்து, சந்தேகமுள்ள இரண்டு மூன்று இடங்களில் பூச்சைக் கொத்திப் பார்க்கலாம். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி: அளந்தது, ஊகித்தது, தெரியாதது. முதல் பத்திக்குச் சதுர அடி ரேட். இரண்டாவதற்கு, கூடினால் இன்ன விலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம். மூன்றாவதற்கு நாள் சம்பளமும், ஒதுக்கிவைத்த தனிப் பணமும். மேஸ்திரி வாயால் சொல்லும் "கூடக் கொறைய" இந்தக் கடைசி இரண்டு பத்திகள்தான். அதை அவர் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், எழுதிக்கொள்ளாதவர்கள் நாம்.